401இல் 115 என்று எழுதித் தந்த டிக்கெற்: பாராலீகல் வைத்து வழக்காடுவதா, கட்டிவிட்டு மறப்பதா?

மல்வேர்ன்வாசி எழுதியது:

வணக்கம் உறவுகளே,

கடந்த மாத இறுதியில் ஒரு கல்யாண வீட்டுக்காகக் குடும்பத்தோடு மொன்றியல் போய்க்கொண்டிருந்தபோது, 401 நெடுஞ்சாலையில் கனனோக்வே தாண்டியதும் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸார் என்னை மறித்தார்கள். வேக எல்லை மணிக்கு 110 கிலோமீற்றர் என்று பதாகை போட்ட பகுதி கிங்ஸ்ரனோடு முடிந்து எல்லை மீண்டும் 100 ஆகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. நான் ஓடியது 133 என்று அதிகாரி சொன்னார். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வாகனத்துக்குத் திரும்பிப் போனவர், 115 என்று எழுதிய டிக்கெற்றோடு வந்தார். மொத்தம் 52 டொலர் 50 சதம். "தண்டனைப் புள்ளி எதுவும் இல்லை, கட்டிவிட்டுப் போங்கள்" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

கட்டியிருப்பேன். ஆனால் இரண்டரை வருடத்துக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதத்தில், நிறுத்தல் பலகையில் முழுமையாக நிற்கவில்லை என்று பெற்ற ஒரு டிக்கெற்றை இப்படித்தான் யோசிக்காமல் கட்டினேன். அடுத்த முறை காப்புறுதி புதுப்பிக்கும் கடிதம் வந்தபோதுதான் அதன் உண்மையான விலை தெரிந்தது. என் காப்புறுதி வருகிற ஓகஸ்டில் மீண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

நண்பர் ஒருவர் சொன்ன ஒரு பாராலீகல் (சட்டத்தரணி அல்லாமல், இப்படியான சிறு வழக்குகளில் வாதாட உரிமம் பெற்றவர்) அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசினேன். 350 டொலரும் வரியும் கேட்கிறார்கள், அதாவது 395 டொலர் 50 சதம். "நூறு வீதம் வெல்லுவோம், தோற்றால் காசு திருப்பித் தருவோம்" என்கிறார்கள். 52 டொலர் டிக்கெற்றுக்கு 395 டொலர் கொடுப்பது புத்தியா? நீதிமன்றம் புறொக்வில்லில் இருக்கிறது, என் வீட்டிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். டிக்கெற்றுக்குப் பதில் கொடுக்க 15 நாட்கள் என்று போட்டிருக்கிறது, இன்று ஒன்பதாவது நாள். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

கௌரி_மார்க்கம் பதில்:

வணக்கம் அண்ணா. நான் சில வருடங்கள் ஒரு காப்புறுதி முகவர் அலுவலகத்தில் வேலை செய்தவள். உங்களைப் போல வந்து உட்கார்ந்து, "புள்ளியே இல்லையே, பிறகு ஏன் கூட்டினீர்கள்?" என்று கேட்டவர்களுக்குக் கணக்கில்லை.

புள்ளி என்பது உங்களுக்கும் போக்குவரத்து அமைச்சுக்கும் இடையிலான கணக்கு. எல்லைக்கு மேல் 15 கிலோமீற்றர் வரை புள்ளி கிடையாது. 16இல் இருந்து 29 வரை 3 புள்ளி, 30இல் இருந்து 49 வரை 4 புள்ளி, 50உம் அதற்கு மேலும் 6 புள்ளி. அந்தப் புள்ளிகள் குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் உங்கள் பதிவில் நிற்கும், 15 சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும். காப்புறுதிக் கம்பனி அந்தப் புள்ளியை எண்ணுவதில்லை. அது பார்ப்பது, குற்றவாளி என்று எத்தனை தீர்ப்புகள், எந்த வகைத் தீர்ப்புகள் உங்கள் பதிவில் இருக்கின்றன என்பதை. நிறுத்தல் பலகையும் 115உம் இரண்டும் "சிறு குற்றம்" என்ற ஒரே வகைக்குள் வரும். பூச்சியப் புள்ளி உள்ள சிறு குற்றமும் மூன்று புள்ளி உள்ள சிறு குற்றமும் அவர்களுக்கு ஒன்றுதான். ஒன்றைப் பல கம்பனிகள் பொறுத்துக்கொள்ளும், இரண்டாவது வந்தால் முகம் மாறிவிடும்.

உங்கள் விடயத்தில் நான் முதலில் பார்ப்பது திகதிகளை. கம்பனிகள் பொதுவாகத் தீர்ப்புத் திகதியிலிருந்து மூன்று வருடம் பின்னோக்கிப் பார்க்கும். உங்கள் பழைய தீர்ப்பு வருகிற நவம்பரில் மூன்று வருடத்தைத் தாண்டிவிடும். இன்று நீங்கள் 52 டொலரைக் கட்டினால், கட்டுவதே குற்றத்தை ஒப்புக்கொள்வது என்பதால் தீர்ப்பு இந்த மாதமே பதியப்படும். ஓகஸ்டில் கம்பனி உங்கள் பதிவை எடுத்துப் பார்க்கும்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நீங்கள் விசாரணை கேட்டு, வழக்கு ஓகஸ்டுக்குப் பிறகு முடிந்தால், இந்த ஓகஸ்டில் பழையது மட்டும் தெரியும், அடுத்த ஓகஸ்டில் புதியது மட்டும் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே மாட்டா. ஒரு சதமும் கூடுதலாகச் செலவழிக்காமல் கிடைக்கக்கூடிய பலன் இது.

கம்பனிக்குக் கம்பனி சிறு வேறுபாடு இருக்கும் என்பதால், உங்கள் முகவரிடம் "தீர்ப்புத் திகதியையா பார்ப்பீர்கள், எத்தனை வருடம் பின்னுக்குப் போவீர்கள்" என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

---

வன்னியன்_67 பதில்:

தம்பி, நூறு வீதம் வெல்லுவோம் என்று சொல்பவரிடம் போகாதீர்கள். நான் போய்ப் பட்டவன்.

நான்கு வருடத்துக்கு முன்பு எனக்கு 28 கிலோமீற்றர் கூடுதல் வேகம் என்று ஒரு டிக்கெற் கிடைத்தது. ஒரு வணிக வளாகத்தில், புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். 400 டொலரை முழுதாக முன்பணமாக வாங்கிக்கொண்டு, இரண்டு தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வாசித்துப் பார்க்காமல் வைத்தது என் பிழை. ஏழு மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒருநாள் தொலைபேசி வந்தது: "அண்ணை, வென்றுவிட்டோம், புள்ளி இல்லை."

வென்றது என்ன என்று தீர்ப்பின் பிரதியைக் கேட்டு வாங்கிய பிறகுதான் தெரிந்தது: 28ஐ 15 ஆக்கி, என் சார்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தண்டப்பணம் நான்தான் கட்டவேண்டும், பதிவில் ஒரு தீர்ப்பும் ஏறிவிட்டது. காப்புறுதியும் கூடியது. காசைத் திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்து வைத்த தாளை எடுத்துக் காட்டினார்கள். அதில் "வெற்றி" என்பதற்கு அவர்கள் கொடுத்திருந்த விளக்கம், குற்றச்சாட்டிலோ புள்ளியிலோ தண்டத்திலோ ஏதாவது ஒன்று குறைவது. அந்தக் கணக்கின்படி அவர்கள் வென்றுதான் இருந்தார்கள்.

அந்த அலுவலகம் 400 டொலருக்கு எனக்கு வாங்கித் தந்ததை, உங்களுக்கு அந்தப் பொலிஸ்காரர் வீதியோரத்திலேயே இலவசமாகத் தந்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள்.

---

பார_ஊர்தி பதில்:

எல்லோருக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். நான் பார ஊர்தி ஓட்டுபவன். வேலை தரும் கம்பனி என் சாரதிப் பதிவை எடுத்துப் பார்க்கிறது. நான் பெறும் தீர்ப்பு கம்பனியின் வணிக வாகனப் பதிவிலும் ஏறும். எனக்கு ஒரு டிக்கெற் என்பது காப்புறுதிக் கேள்வி அல்ல, சம்பளக் கேள்வி. அதனால் எது வந்தாலும் ஆள் வைத்துத்தான் பேசுகிறேன், அதைத் தொழில் செலவாகவே எடுத்துக்கொள்கிறேன். சொந்தக் கார் மட்டும் ஓடுபவர் என்னைப் பார்த்து 400 டொலர் கொடுக்கத் தேவையில்லை.

---

உரிமம்பெற்றவன் பதில்:

நான் ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற பாராலீகல். இங்கே வாடிக்கையாளர் தேடி எழுதவில்லை, அதனால் என் பெயரையும் அலுவலகத்தையும் யாரும் தனிமடலில் கேட்க வேண்டாம். மேலே எழுதியவர்கள் சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர் தெரிந்துகொள்ளாமல் நீதிமன்றத்துக்குள் கால் வைக்கக்கூடாத ஒன்று இன்னும் சொல்லப்படவில்லை.

உங்கள் டிக்கெற்றில் 115 என்று இருந்தாலும் அதிகாரியின் குறிப்பேட்டில் 133 என்றுதான் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் விசாரணைக்குப் போய், அதிகாரி சாட்சி சொல்லும்போது 133 என்று சொன்னால், குற்றச்சாட்டை 115இலிருந்து 133க்கு உயர்த்தித் திருத்தும்படி வழக்குத்தொடுநர் கேட்கலாம். இது அனுமதிக்கப்படக்கூடியதே என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் வின்லோ வழக்கில் தீர்த்திருக்கிறது. உங்களுக்கு முன்கூட்டியே அறிவித்தல் தரப்பட்டதா என்பது அந்தத் தீர்ப்பின்படி முக்கியமானது. நடைமுறையில் அது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: விசாரணை தொடங்குமுன் வழக்குத்தொடுநர் உங்களைப் பார்த்து, "115ஐ இப்போதே ஒப்புக்கொண்டால் அப்படியே விட்டுவிடுகிறேன், விசாரணைதான் வேண்டும் என்றால் 133 கேட்பேன்" என்பார். 133 என்றால் எல்லைக்கு மேல் 33. நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி 30இலிருந்து 49 வரை கிலோமீற்றருக்கு 7 டொலர், அதாவது 231 டொலர் தண்டம், அதன்மேல் மேலதிகக் கட்டணம், கூடவே 4 புள்ளி. வீதியோரத்தில் குறைத்து எழுதப்பட்ட டிக்கெற்றோடு என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். உங்களோடு பேசிய அலுவலகம் இதைச் சொன்னதா?

அடுத்து, விசாரணைக்குப் போனால் எதைச் சொல்லி வெல்வது என்பது. வேகக் குற்றம் இங்கே முழுப் பொறுப்புக் குற்றம், அதாவது அந்த வேகத்தில் ஓடியது நிரூபணமானால் போதும், காரணம் எடுபடாது; 1976இலிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நிலைப்பாடு அதுதான். எல்லை மாறியதைக் கவனிக்கவில்லை, மற்ற வாகனங்களும் அதே வேகத்தில் போயின, வேகமானி பிழையாகக் காட்டியது என்பவை எல்லாம் எதிர்வாதமே அல்ல. வேகம் அளந்த முறையைத்தான் கேள்வி கேட்க முடியும்: கருவியை அதிகாரி பணிக்கு முன்னும் பின்னும் சோதித்தாரா, அதை இயக்கப் பயிற்சி பெற்றவரா, அளந்த வாகனம் உங்களுடையதுதான் என்பதைக் குறிப்பு காட்டுகிறதா. இவற்றை அறிய அவரது குறிப்பின் பிரதியை வழக்குத்தொடுநரிடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். கேட்பது உங்கள் உரிமை, அதற்குப் பாராலீகல் தேவையில்லை. பத்தில் ஒன்பது குறிப்புகளில் நான் பிடிப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை என்பது என் சொந்த அனுபவம்.

நம் சமூகத்தில் உலாவும் இரண்டு நம்பிக்கைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் டிக்கெற் செல்லாது என்பது ஒன்று. அப்படிப்பட்ட சிறு பிழைகளை நீதிமன்றம் திருத்திக்கொள்ள மாகாணக் குற்றங்கள் சட்டமே இடம் கொடுக்கிறது. நீங்களே போய் அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டினால் உங்கள் கண் முன்னாலேயே திருத்துவார்கள். மற்றது, பொலிஸ்காரர் வரமாட்டார் என்பது. அவர்களுடைய வழக்குகளை ஒரே நாளில் சேர்த்துப் போடுவது வழக்கம். காணொளி வழியாக அமர்வுகள் நடக்கத் தொடங்கிய பிறகு அவர்கள் வராமல் இருப்பதற்குக் காரணம் இன்னும் குறைந்துவிட்டது. அதே காணொளிதான் உங்களுக்கும் புறொக்வில் தூரத்தை இல்லாமல் ஆக்கும் என்பதால் 300 கிலோமீற்றரை நினைத்துப் பயப்படாதீர்கள்.

காலதாமதத்தைப் பற்றியும் பலர் கேட்பார்கள். 2016இல் ஜோர்டன் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம், மாகாண நீதிமன்ற வழக்குகள் தொடங்கி முடிவதற்கு 18 மாதம் என்ற எல்லையை வகுத்தது; அதைத் தாண்டினால் வழக்கை நிறுத்தும்படி கேட்கலாம். உங்களால் ஏற்பட்ட தாமதம் அதில் கழிக்கப்படும். அதை முன்வைக்க உரிய காலத்துக்குள் அறிவித்தல் கொடுத்து மனு எழுதவேண்டும். அங்கே ஒரு பாராலீகலின் வேலைக்கு உண்மையான பெறுமதி உண்டு. ஆனால் அதை எதிர்பார்த்து வழக்கைத் தொடங்குவது மழையை நம்பி நாள் குறிப்பதைப் போன்றது.

"தோற்றால் காசு இல்லை" என்ற வாக்குறுதிக்கு வருகிறேன். 2007இலிருந்து பாராலீகல்களை ஒன்ராறியோ சட்டச் சங்கம் ஒழுங்குபடுத்துகிறது. அதற்கு முன்பு யாரும் ஒரு பலகையைத் தொங்கவிட்டு இந்தத் தொழிலைச் செய்யலாம் என்றிருந்தது. எங்கள் நடத்தை விதிகளின்படி, குற்றவியல் வழக்கிலும் அதை ஒத்த வழக்கிலும் முடிவைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் ஒப்பந்தம் செய்யக்கூடாது. போக்குவரத்து டிக்கெற் அந்த இரண்டாவது வகை. ஆக, அந்த வாக்குறுதியைத் தருபவர் ஒன்றில் விதியை மீறுகிறார், அல்லது வன்னியன் ஐயாவுக்குக் காட்டியது போல "வெற்றி" என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கி வைத்திருக்கிறார். சட்டச் சங்கத்தின் இணையத் தளத்தில் பெயரைத் தட்டினால் அவர் உரிமம் உள்ளவரா என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

காசு கொடுத்து ஆள் வைக்கவேண்டிய இடங்கள் உண்டு. கவனயீனமாக ஓட்டியது என்ற குற்றச்சாட்டு வந்தால் வையுங்கள்: அதற்கு 6 புள்ளி, 2,000 டொலர் வரை தண்டம், சிறைக்கும் இடமுண்டு. ஆனால் அங்கே உரிய கவனம் எடுத்தேன் என்ற வாதம் செல்லுபடியாகும், அதனால் வழக்காட இடமிருக்கிறது. எல்லைக்கு மேல் 50 என்று வந்து அது சாகசமாக ஓட்டிய குற்றமாக மாறினால் கட்டாயம் வையுங்கள்: வீதியிலேயே 30 நாள் அனுமதிப்பத்திரமும் 14 நாள் வாகனமும் போய்விடும், தண்டம் 2,000 டொலரில்தான் தொடங்கும். விபத்தில் ஒருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டிருந்தால், அல்லது மதுபோதைக் குற்றச்சாட்டு என்றால், பாராலீகலிடம் வராமல் நேரே ஒரு குற்றவியல் சட்டத்தரணியிடம் போங்கள். இன்னொன்று, வீட்டில் ஜி2 அனுமதிப்பத்திரத்தோடு (புதிய சாரதிகளுக்கான இரண்டாம் கட்டம்) ஓடும் பிள்ளை இருந்தால்: 4 புள்ளிக் குற்றம் ஒன்றே அந்தப் பிள்ளையின் அனுமதிப்பத்திரத்தை 30 நாள் பறித்துவிடும், அதனால் 30 கூடுதல் வேகம் என்ற டிக்கெற் அவர்களுக்கு 52 டொலர் கதை அல்ல.

உங்களுக்கு? உங்கள் டிக்கெற்றில் 350 டொலர் வாங்கிக்கொண்டு நான் செய்யக்கூடியது, வண்டி ஓட்டுவதோடு தொடர்பில்லாத ஏதாவது ஒரு சிறு குற்றமாக மாற்றித் தரும்படி வழக்குத்தொடுநரிடம் கேட்பது மட்டுமே. ஏற்கெனவே 18 கிலோமீற்றர் குறைத்துக் கொடுத்தவர்கள் அதற்கு இலகுவில் இணங்குவதில்லை. நான் என்றால் உங்கள் காசை வாங்கமாட்டேன்.

---

மல்வேர்ன்வாசி பதில்:

எல்லோருக்கும் நன்றி. இந்த 133 விடயத்தை அந்த அலுவலகம் எனக்குச் சொல்லவே இல்லை. இன்று காலை மீண்டும் அழைத்துக் கேட்டேன். "அது எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். எழுத்தில் தர முடியுமா என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இரண்டு கேள்வி. டிக்கெற்றில் வழக்குத்தொடுநரைச் சந்திப்பது, விசாரணை கேட்பது என்று இரண்டு தெரிவு இருக்கிறது. கௌரி தங்கச்சி சொன்ன திகதிக் கணக்குக்கு எது பொருந்தும்? மற்றது, எனக்கு ஆங்கிலம் வேலைக்குப் போதும், ஆனால் நீதிமன்றத்தில் நின்று பேசும் அளவுக்கு இல்லை. ஆள் வைக்காமல் எப்படிச் சமாளிப்பது?

---

உரிமம்பெற்றவன் பதில்:

சந்திப்பு சில வேளை இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும், அப்போது ஓகஸ்டுக்கு முன்பே நீங்கள் முடிவு சொல்ல வேண்டியிருக்கும். அதனால் விசாரணைத் தெரிவையே போடுங்கள். விசாரணை கேட்டவரும் அன்று காலையில் வழக்குத்தொடுநரோடு பேசி 115ஐ ஒப்புக்கொண்டு போகலாம், கதவு மூடப்படுவதில்லை. 133 கேட்கும் எண்ணம் அவர்களுக்கு இருக்கிறது என்று தெரிந்தால் அப்படியே செய்யுங்கள், வீம்புக்கு நிற்காதீர்கள்.

மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே ஒழுங்கு செய்யும், கட்டணம் இல்லை. விசாரணை கேட்கும்போதே தமிழ் என்று குறிப்பிடுங்கள். இலக்கணச் சுத்தமான தமிழ் பேசுபவர் வந்து உங்களுக்கும் புரியாமல் போனால், புரியவில்லை என்று வழக்கை விசாரிக்கும் சமாதான நீதவானிடம் உடனே சொல்லுங்கள், தலையாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நான் பார்த்த சில வழக்குகளில் மனிதர்கள் எதை ஒப்புக்கொண்டார்கள் என்பதே அவர்களுக்கு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

15 நாளைத் தவறவிடாதீர்கள். விட்டால் நீங்கள் இல்லாமலேயே குற்றவாளி என்று தீர்த்துவிடுவார்கள், பிறகு இந்தத் திகதிக் கணக்கு எதுவும் நில்லாது.

---

மல்வேர்ன்வாசி பதில்:

பன்னிரண்டாம் நாள் அனுப்பிவிட்டேன். விசாரணை என்ற கட்டத்தில் அடையாளம் இட்டு, மொழி தமிழ் என்று எழுதி, இரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதிகாரியின் குறிப்பைக் கேட்கும் கடிதத்தை மகள் தட்டச்சு செய்து தந்தாள். நீதிமன்றத் திகதி வந்ததும் அதுவும் போகும். காப்புறுதி முகவர், தீர்ப்புத் திகதியைத்தான் பார்ப்போம், மூன்று வருடம் என்று உறுதிப்படுத்தினார். குறிப்பில் 133 என்று இருந்தால் 115ஐ ஒப்புக்கொண்டு 52 டொலர் 50 சதத்தைக் கட்டிவிடுவேன். திகதி வந்ததும் இங்கே எழுதுகிறேன்.